ஒருமுறை கருத்துக் கேட்டவர் மறுமுறை கேட்பாரா என்பதை எது தீர்மானிக்கிறது?

நிறைமதி

வணக்கம் நண்பர்களே. வேலை இடத்தில் பார்த்த ஒரு விஷயம் என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. உங்கள் அனுபவம், படித்தது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் சேர்ந்தார்கள். இருவருக்கும் அறிக்கை தயாரிக்கும் பணி. முதல் வரைவை எழுதி முடித்ததும் இருவருமே மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய், "பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று தாங்களாகவே கேட்டார்கள். ஒருவருக்கு "பிரமாதம், உங்களுக்கு எழுத்து இயல்பாகவே வருகிறது" என்று பதில். மற்றவருக்குப் பக்கமெல்லாம் சிவப்புக் கோடு, அடியில் "கவனம் போதாது" என்று ஒரு வரி.

சிவப்புக் கோடு வாங்கியவர் அதற்கப்புறம் யாரிடமும் வரைவைக் காட்டுவதில்லை. அது புரிகிறது. ஆனால் பாராட்டு வாங்கியவரும் காட்டுவதை நிறுத்திவிட்டார்! நேராக இறுதி வடிவத்தையே அனுப்பிவிடுகிறார். கேட்டால் "எல்லாம் சரியாகத்தான் இருக்கு அக்கா" என்கிறார்.

திட்டினால் ஒதுங்குவார்கள், பாராட்டினால் திரும்பி வருவார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இங்கே அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. கிடைத்த பின்னூட்டம், அடுத்த பின்னூட்டத்தைத் தேடும் மனதை எப்படி மாற்றுகிறது? இனி சேரப் போகிறவர்களின் முதல் வரைவைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதனால் பதில் எனக்கு உண்மையாகவே தேவை.

உளநூல்

நிறுவன உளவியலில் இதற்கென்றே ஒரு கிளை இருக்கிறது. சூசன் ஆஷ்ஃபோர்டும் லாரி கம்மிங்ஸும் 1983இல் எழுதிய கட்டுரையைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அதுவரை பின்னூட்டம் என்றால் மேலே இருப்பவர் கொடுப்பது, கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வது என்று பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து பார்த்தார்கள். இவர்கள் வாங்குகிறவர் பக்கம் போய் நின்றார்கள். மனிதர்கள் பின்னூட்டத்தைத் தேடிப் போகிறார்கள், போவதற்கு முன் லாப நஷ்டம் பார்க்கிறார்கள் என்றார்கள்.

நஷ்டத்தில் மூன்று உண்டு. தேடிப் போகும் சிரமம் ஒன்று. "இதுகூடத் தெரியாதா" என்று பிறர் நினைத்துவிடுவார்களோ என்கிற முகநட்டம் இரண்டாவது. கிடைத்த பதிலுக்கு என்ன அர்த்தம் என்று பிரித்தறிகிற பாடு மூன்றாவது. உங்கள் இருவரையும் இதில் வைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு வாங்கியவருக்கு முகநட்டம் ஏறிவிட்டது. பாராட்டு வாங்கியவருக்கும் அதே நட்டம்தான் ஏறியிருக்கிறது, ஆனால் வேறு வழியில். "இயல்பாகவே வருகிறது" என்று ஒருமுறை பெயர் வாங்கியபின் மறுபடி வரைவை நீட்டினால் அந்தப் பெயரைப் பணயம் வைப்பதுபோல் ஆகிவிடும் இல்லையா?

அந்தக் கட்டுரையில் இன்னொரு முக்கியமான விஷயமும் உண்டு. பின்னூட்டம் தேட இரண்டு வழிகள்: வாய்விட்டுக் கேட்பது, கேட்காமல் கவனிப்பது. கேட்பதை நிறுத்தியவர் தேடுவதையே நிறுத்திவிட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் தேடிக்கொண்டுதான் இருப்பார். மேலாளர் முகம் சுளிக்கிறாரா, மின்னஞ்சலுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறார், கூட்டத்தில் யார் பெயரைச் சொல்கிறார், இதையெல்லாம் வைத்துத் தன் நிலையைக் கணக்குப் போடுவார். முகநட்டம் இதில் இல்லை. ஆனால் மூன்றாவது நட்டம் பெருகிவிடுகிறது. மேலாளருக்கு வெறும் தலைவலியாக இருக்கும். இவர் அதைத் தன் அறிக்கைக்கு வந்த தீர்ப்பாக வாசித்துவிடுவார்.

இருள்வெளி

எனக்கு இதில் உடன்பாடு குறைவு. கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வெறி இருப்பவன் எவ்வளவு சிவப்புக் கோடு விழுந்தாலும் மறுபடி வருவான். நான் அப்படித்தான் வந்தேன். என் முதல் வழிகாட்டி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, ஆனால் அவர் சொன்னதெல்லாம் உண்மை. இப்போது எல்லோரும் மனம் நோகக்கூடாது என்று பூசி மெழுகுகிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள், தாங்குகிறவர் நிற்கட்டும்.

பச்சைமை

இருள்வெளி ஐயா, உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நின்றவர்களை மட்டும் வைத்து முடிவு செய்தால், போனவர்கள் ஏன் போனார்கள் என்பது தெரியாமலே போய்விடும். நான் ஆசிரியை. வகுப்பில் போனவர்களும் என் கண் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில் நிறைமதி சொன்ன பாராட்டு விஷயம். கிளாடியா ம்யூல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்தார்கள். நன்றாகச் செய்த பிறகு சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் சொன்னார்கள். அடுத்து கடினமான புதிர்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்தார்கள் என்பது வரை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதிதான் இந்த இழைக்கு வேண்டியது. பிள்ளைகளிடம் இரண்டு விதத் தகவல்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றில் புதிரை எப்படி அணுகுவது என்ற வழிமுறை. மற்றதில் மற்ற பிள்ளைகள் எவ்வளவு மதிப்பெண் எடுத்தார்கள் என்ற விவரம். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் விவரத்தைத்தான் கேட்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் வழிமுறையைக் கேட்டார்கள்.

கவனித்தீர்களா? இருவருமே தகவல் தேடினார்கள். எந்தத் தகவலைத் தேட வேண்டும் என்பதை முன்னால் கிடைத்த ஒற்றை வாக்கியம் மாற்றிவிட்டது. தன் மதிப்பெண்ணைப் பிறரிடம் சொல்லும்போது கூட்டிச் சொன்ன பிள்ளைகளும் புத்திசாலிப் பட்டம் வாங்கிய குழுவில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்றும் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, மதிப்பெண். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் செய்த ஆய்வில் ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். கருத்து மட்டும் வாங்கியவர்களின் ஆர்வமும் திறனும் கூடியது. இரண்டும் வாங்கியவர்கள், மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலவேதான் இருந்தார்கள். இது என் வகுப்பில் தினமும் நடக்கிறது. தாளைத் திருப்பித் தந்ததும் கண் போவது எண்ணுக்கு. அடுத்து பக்கத்து மாணவனின் எண்ணுக்கு. நான் ராத்திரி உட்கார்ந்து எழுதிய வரிகளைப் படிக்க ஆள் இருக்காது. இப்போதெல்லாம் முதல் சுற்றில் எண் போடுவதில்லை. கருத்து மட்டும் எழுதித் தருகிறேன், அதை வைத்துத் திருத்திக் கொண்டு வந்த பிறகுதான் எண். "மிஸ், இங்கே என்ன சொல்ல வர்றீங்க?" என்று வந்து நிற்கிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் இல்லை.

கோட்டோவியன்

நான் ஓவியம் வரைகிறவன், கொஞ்ச காலமாகச் சொல்லியும் கொடுக்கிறேன். இங்கே ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது: கேட்கிறவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்?

புதிதாக வரைய வருகிறவர் "எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது, வாய் படத்தைப் பற்றிக் கேட்கிறது, மனது "நான் இதில் தொடரலாமா?" என்று கேட்கிறது. அவரிடம் தோள்பட்டையின் அளவு தப்பு என்று மட்டும் சொன்னால், தொடர வேண்டாம் என்பதாகத்தான் காதில் விழும். அதே வார்த்தையை நன்றாகத் தேறிய ஒருவரிடம் சொன்னால், "எந்தப் பக்கம், இடதா?" என்று உடனே பென்சிலை எடுப்பார். அவருக்கு, தான் ஓவியர்தானா என்ற சந்தேகம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பாராட்டினால் அவருக்குச் சலிப்பு வரும். "அது சரி, எங்கே இடிக்குது சொல்லுங்க" என்பார்.

எனவே இருள்வெளி நண்பரே, நீங்கள் உங்கள் வழிகாட்டியிடம் போனபோது அந்தத் தொழிலில்தான் இருப்பேன் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தீர்களா? அப்படியென்றால் உங்களுக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

உளநூல்

கோட்டோவியன் சொன்னதற்குச் சரியான ஆய்வே இருக்கிறது. ஸ்டேசி ஃபிங்கல்ஸ்டீனும் அயலெட் ஃபிஷ்பாக்கும் 2012இல் வெளியிட்டது. புதியவர்கள் நிறைகளைச் சொல்கிற பின்னூட்டத்தைத் தேடுகிறார்கள், தேர்ந்தவர்கள் குறைகளைச் சொல்வதைத் தேடுகிறார்கள். தேடுவது மட்டும் இல்லை, அதற்கு ஏற்பச் செயல்படவும் செய்கிறார்கள். அவர்கள் தரும் விளக்கமும் ஏறக்குறைய இவர் சொன்னதுதான். தொடக்கத்தில் இருப்பவர் பின்னூட்டத்தை வைத்து "நான் இதில் ஈடுபாடு வைக்கலாமா" என்று பார்க்கிறார். தேர்ந்தவர் "போதுமான அளவு முன்னேறுகிறேனா" என்று பார்க்கிறார்.

பின்னூட்டம் எப்போதும் நன்மையே செய்யும் என்ற எண்ணத்தையும் இங்கே கொஞ்சம் அசைக்க வேண்டும். அவ்ரஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டெனிசியும் 1996இல் பழைய ஆய்வுகளைத் திரட்டி, 607 விளைவு அளவுகளை (பின்னூட்டம் திறனை எவ்வளவு மாற்றியது என்ற கணக்குகளை), 23,663 கவனிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சராசரியில் பின்னூட்டம் திறனைக் கூட்டியது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் திறனைக் குறைத்தது! அவர்கள் கணக்குப்படி நிறையா குறையா என்பதால் அந்த வித்தியாசம் வரவில்லை. கவனம் வேலையின் மேல் போகிறதா, "நான் எப்படிப்பட்டவன்" என்பதன் மேல் போகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்றார்கள்.

நிறைமதியின் இரண்டு வாக்கியங்களை மறுபடி படியுங்கள். "இயல்பாகவே வருகிறது", "கவனம் போதாது". ஒன்று இனிப்பு, ஒன்று கசப்பு. ஆனால் இரண்டுமே ஆளைப் பற்றிப் பேசுகின்றன. அறிக்கையைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் இல்லை. இருவரும் ஒரே மாதிரி ஒதுங்கியதற்கு இது போதுமான காரணம் என்றே நினைக்கிறேன்.

நிறைமதி

இதை நான் யோசிக்கவே இல்லை. பாராட்டு, கண்டிப்பு என்று இரண்டு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். இரண்டும் ஒரே பெட்டி என்கிறீர்கள். நன்றி உளநூல்.

புதுவரவு22

நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எனக்குப் பாராட்டும் கிடைக்கவில்லை, திட்டும் கிடைக்கவில்லை. எழுதிய கதையை ஒரு மூத்த எழுத்தாளருக்கு அனுப்பினேன். "படிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். மறுபடி கேட்கக் கூச்சம். நன்றாக இல்லை என்பதால்தான் சொல்லவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். திட்டியிருந்தால்கூட அதில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

பச்சைமை

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, எழுதியதற்கு நன்றி. அவர் படிக்காமலே விட்டிருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. மௌனத்துக்கு நீங்கள் கொடுத்த அர்த்தம் உங்களுடையது, அவருடையது இல்லை.

உளநூல்

மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்; பாராட்டு, விமர்சனம் என்றே பேசிக்கொண்டு நாம் அடிக்கடி இதை விட்டுவிடுகிறோம்.

கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள் என்பதை ரோசனும் டெஸரும் 1970இலேயே சோதித்துக் காட்டினார்கள். நல்ல செய்தி என்றால் முழுதாகச் சொல்கிறவர்கள், கெட்டது என்றால் விழுங்கிவிடுகிறார்கள். இதை இன்னும் எளிமையாகக் காட்டிய ஆய்வு 2022இல் நிக்கோல் அபி-எஸ்பரும் மற்றவர்களும் வெளியிட்டது. அதன் முன்னோட்டத்தில், கருத்துக்கணிப்பு எடுக்கிறவர் முகத்தில் சாக்லேட்டோ உதட்டுச் சாயமோ அப்பியிருக்கும்படி செய்து ஆட்களிடம் அனுப்பினார்கள். முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அவரிடம் சொன்னவர்கள் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. துடைத்தால் போகிற கறைக்கே இப்படி என்றால், ஒருவர் மாதக்கணக்கில் எழுதிய கதைக்கு எப்படி இருக்கும்? அந்த ஆய்வு கண்டுபிடித்த காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள், எதிரில் இருப்பவர் அதை எவ்வளவு கேட்க விரும்புகிறார் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

அப்படியானால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தப்பாக வாசிக்கிறது. இவர் கேட்கவில்லை என்பதால் அவர் "இவருக்கு வேண்டாம் போல" என்று சும்மா இருக்கிறார். அவர் சும்மா இருப்பதால் இவர் "நன்றாக இல்லை போல" என்று கேட்காமல் இருக்கிறார்.

கேட்கிறவர் பக்கத்திலும் ஒன்று உண்டு. பணம் போட்டு வைத்தவர்கள், சந்தை ஏறும்போது தங்கள் கணக்கை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள், இறங்கும்போது பார்ப்பதைக் குறைத்துவிடுகிறார்கள் என்று கார்ல்சன், லோவன்ஸ்டீன், செப்பி மூவரும் 2009இல் எழுதினார்கள். அங்கே முகநட்டம் கிடையாது, யாரும் பார்க்கவில்லை, பொத்தானை அழுத்தினால் போதும். அப்போதும் மனது கெட்ட செய்தி வரும் திசையில் போக மறுக்கிறது. அதனால் கேட்காமல் இருக்கும் எல்லோரையும் மேலாளர் பயமுறுத்திவிட்டார் என்று சொல்லிவிட முடியாது.

இருள்வெளி

புதுவரவு, உங்கள் நிலைமை எனக்கு உறைக்கிறது. என் வழிகாட்டி கடுமையாகப் பேசினாலும் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார், அடுத்த நாளே திருப்பித் தந்தார், எங்கே எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதினார். "நீ லாயக்கில்லை" என்று அவர் சொன்னதே இல்லை, "இந்தப் பத்தி நிற்கவில்லை" என்பார். கோட்டோவியன் கேட்டதற்குப் பதில்: ஆமாம், முடிவு செய்துவிட்டுத்தான் போனேன்.

ஆனால் கடுமை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உண்மையும் கூடவே போய்விடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதை விட மாட்டேன்.

செவிலி_கனி

கடுமை என்றால் எல்லோரும் வாங்குகிறவர் ஒருவரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்த இடம் மருத்துவமனை வார்டு. அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் பதிலை ஐந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். புதிதாக வந்த ஒரு பெண் "இந்த அளவு மருந்து சரியா?" என்று கேட்கிறாள் என்று வையுங்கள். "படித்துவிட்டுத்தானே வந்தாய்?" என்று பதில் வந்தால், வாயை மூடிக்கொள்வது அவள் மட்டும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த நிமிடமே தீர்மானித்துவிடுவார்கள். அதில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லக்கூட வேண்டியதில்லை.

எங்கள் வேலையில் கேட்காமல் விட்ட கேள்விக்கு விலை நோயாளி கொடுக்கிறார். அதனால் இது எனக்கு மனம் நோவது பற்றிய பேச்சே இல்லை.

ஏமி எட்மண்ட்சனின் ஆய்வை எங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கெடுத்தால் அங்கேதான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்திருக்கும் என்பதைவிட, நடந்ததைச் சொல்ல அங்கே பயமில்லை என்பதே பொருத்தமான விளக்கமாக அவருக்குப் பட்டது. 1996இல் அதை எழுதினார். 1999இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களைப் பார்த்தபோது, பேசினால் தண்டனை வராது என்று நம்பும் குழுக்கள் கருத்துக் கேட்பது, தவறைப் பேசுவது, புதிதாக முயல்வது எல்லாவற்றிலும் முன்னால் நின்றன.

எங்கள் வார்டில் ஒரு மூத்த அக்கா இருந்தார். யார் என்ன கேட்டாலும் முதலில் "நல்லவேளை கேட்டாய்" என்பார். பிறகுதான் பதில். பதில் சில சமயம் கண்டிப்பாகவே இருக்கும்: "இது தப்பு, இப்படிச் செய்தால் ஆபத்து, இதோ பார்." அந்தக் கண்டிப்பால் யாரும் கேட்பதை நிறுத்தவில்லை. அவர் பணியில் இருக்கும் நேரத்தில்தான் எல்லோரும் சந்தேகங்களைச் சேர்த்து வைத்துக் கேட்பார்கள். கேட்டதை வரவேற்பது ஒன்று, கேட்ட விஷயத்துக்குத் தீர்ப்புச் சொல்வது வேறு. அவர் இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்.

கோட்டோவியன்

"நல்லவேளை கேட்டாய்." இதை நாளை முதல் நானும் சொல்லப் போகிறேன்.

உளநூல்

கனி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லரும் ஃபிஷ்பாக்கும் 2019இல் வெளியிட்ட சோதனை. ஒரு கேள்விக்கு இரண்டே விடைகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் "சரி" அல்லது "தவறு" என்று சொல்வார்கள். இரண்டே விடை என்பதால் "தவறு" என்று கேட்டாலும் சரியான விடை எது என்பது தெரிந்துவிடும். தகவல் இரண்டிலும் சமம். அப்படியும் பிறகு சோதித்தபோது, "தவறு" என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தன்மானம் அடிபட்டதும் கவனம் மூடிக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். அதே தவறை இன்னொருவர் செய்வதைப் பார்த்தபோது இந்தக் குறை காணாமல் போனது.

இருள்வெளி, உண்மையை விட வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். உண்மை காதில் விழுந்தாலும் உள்ளே போகாமல் நின்றுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கடக்க வைப்பதும் சொல்கிறவர் வேலைதான் என்கிறேன்.

இருள்வெளி

சரி, ஏற்கிறேன். ஆனால் எனக்கு நேர்மாறான ஆட்களையும் தெரியும். திட்டுகிறவரிடமே திரும்பத் திரும்பப் போய் நிற்பார்கள். பாராட்டுகிறவர் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் லாப நஷ்டக் கணக்கில் இவர்கள் எங்கே வருகிறார்கள்?

உளநூல்

வில்லியம் ஸ்வான் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். மனிதர்களுக்குப் பாராட்டு வேண்டும் என்பதோடு, தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் படம் கலையாமல் இருக்கவும் வேண்டும். தன்னைக் குறைவாக நினைப்பவருக்கு, குறைவாக மதிப்பிடுகிறவர்தான் "இவருக்கு என்னைப் புரிகிறது" என்று படுவார். பாராட்டினால் "இவருக்கு விஷயம் தெரியாது" அல்லது "சும்மா சொல்கிறார்" என்று தள்ளிவிடுவார். அப்படிப் பார்த்தால் ஒருவர் அடிக்கடி கேட்கிறார் என்பது மட்டுமே நல்ல அறிகுறி ஆகிவிடாது. எதை உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்கிறார் என்றும் பார்க்க வேண்டும். இவர்களிடம் பொதுவான பாராட்டு எடுபடாது. "மூன்றாவது பக்கத்து அட்டவணை எனக்குப் பத்து நிமிட வேலையை மிச்சப்படுத்தியது" என்று மறுக்க முடியாத ஒன்றைச் சொன்னால் கொஞ்சம் உள்ளே போகும்.

மென்பொறி_மணி

மென்பொருள் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்குகிறேன். தாமதமாக வந்து ஒரே மூச்சில் படித்தேன். என் பங்குக்கு இரண்டு விஷயம்.

முதலாவது, பதவி உயர உயரப் பின்னூட்டம் வற்றிவிடும். சேர்ந்த புதிதில் என் நிரலில் ஒரு வரி தப்பானாலும் சக பொறியாளர்கள் சரிபார்க்கும்போது பிடித்துவிடுவார்கள். இப்போது நான் எதை அனுப்பினாலும் "நன்றாக இருக்கிறது, இணைத்துவிடலாம்" என்று வருகிறது. நான் திடீரென்று திறமைசாலி ஆகிவிடவில்லை. கேட்காமல் வராது என்பதால் நானே குறையைக் கேட்க ஆரம்பித்தேன். ஆரம்பத்தில், கேட்டால் என்னைப் பற்றிய மதிப்பு இறங்குமோ என்று பயம் இருந்தது. ஆஷ்ஃபோர்டும் ஆன் சூயியும் 1991இல் மேலாளர்களை ஆராய்ந்து எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பயம் போனது. தன் குறைகளைக் கேட்ட மேலாளர்களை மற்றவர்கள் உயர்வாக மதித்தார்கள். பாராட்டைக் கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் மதிப்பு இறங்கியது. தன் வேலையை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் குறை கேட்டவர்களுக்கே சரியாகத் தெரிந்திருந்தது.

நான் கேட்பதைப் பார்த்து என் குழுவில் இளையவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். கனி சொன்னதுதான், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, கேட்கும் விதம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "இதைச் சிறப்பாக்க எனக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள்?" என்று கேட்டால் அதே ஆள் நாலு விஷயம் சொல்வார். யூன், ப்ளண்டன் முதலானோர் 2019இல் இதைச் சோதித்து எழுதினார்கள். பின்னூட்டம் கேட்டபோது பொதுவான பாராட்டு வந்தது. ஆலோசனை கேட்டபோது குறைகளும் செய்யத் தகுந்த யோசனைகளும் கூடுதலாக வந்தன. கருத்துச் சொல் என்றால் நடந்து முடிந்ததற்கு மதிப்பெண் போடும் மனநிலை வருகிறது, ஆலோசனை என்றால் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

நிறைமதி

எல்லோருக்கும் நன்றி. நான் செய்யப் போவதைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

சேர்ந்ததும் முதல் வரைவைப் பாதி முடிந்த நிலையிலேயே கேட்கப் போகிறேன், முழுதாக முடித்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். முடிந்த பிறகு கேட்டால் அது தீர்ப்பாகிவிடுகிறது. எழுத்தாகத் தரும் கருத்தில் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. முதல் முறை எது வேலை செய்கிறது, ஏன் என்று தெளிவாக ஒன்று; மாற்ற வேண்டியதில் மிக முக்கியமானது மட்டும். சின்னத் திருத்தங்கள் இரண்டாம் சுற்றுக்கு. அப்புறம் என் வரைவு ஒன்றையும் அவர்களிடம் கொடுத்து ஆலோசனை கேட்பேன்.

ஏற்கெனவே ஒதுங்கிவிட்ட அந்த இருவரை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. "ஏன் காட்டுவதில்லை" என்று கேட்டால் அதுவே இன்னொரு விமர்சனம் ஆகிவிடும்.

கோட்டோவியன்

அவர்களிடம் முதலில் உங்கள் வரைவைக் கொடுங்கள். இருவரிடமும், தனித்தனியாக. அவர்கள் சொல்வதில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, மாற்றிய இடத்தைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சொன்னது பயன்பட்டது என்று பார்ப்பவர்கள், தங்களுக்கும் பயன்படலாம் என்று யோசிப்பார்கள். எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது, அவசரப்படுத்தாதீர்கள்.

பச்சைமை

சிவப்புக் கோடு வாங்கியவர் சீக்கிரம் வருவார் என்று எனக்குத் தோன்றுகிறது. பாராட்டு வாங்கியவருக்குத்தான் நாளாகும். அவருக்கு இழக்க ஒரு பெயர் இருக்கிறது. என் வகுப்பிலும் முதல் மாணவியைக் கேள்வி கேட்க வைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரும்பாடு.

புதுவரவு22

எனக்கும் ஒரு உதவி வேண்டும். அந்த எழுத்தாளரிடம் மறுபடி கேட்கலாமா, கேட்டால் எப்படி?

மென்பொறி_மணி

கேளுங்கள். ஆனால் கதை முழுவதையும் பற்றிக் கேட்காதீர்கள், அவருக்குப் பெரிய வேலை. உங்களுக்கே சந்தேகம் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, "இந்த இடத்தில் பாத்திரத்தின் கோபம் திடீரென்று வருவதுபோல் எனக்குப் படுகிறது, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது மாதிரி எழுதுங்கள். நேரம் இல்லையென்றால் பரவாயில்லை என்றும் ஒரு வரி சேருங்கள், அப்போது பதில் வராவிட்டாலும் கதை மோசம் என்று நீங்கள் அர்த்தம் எடுக்க வேண்டியிருக்காது.

இருள்வெளி

அவர் படிக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள். நான் படிப்பேன். முதலில் எந்த இடம் நிற்கிறது என்று சொல்லிவிட்டு, அப்புறம் நிற்காத இடத்தைச் சொல்கிறேன்.

புதுவரவு22

அனுப்புகிறேன் அண்ணா. எட்டாவது பக்கம்தான் எனக்குச் சந்தேகம், அங்கிருந்து படியுங்கள்.